இங்கிலாந்துக் கிராமத்தில் அரச விழா: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. எங்கள் ஊர் மண்டபத்தின் பின்புறக் கொட்டகையிலிருந்து மடக்குக் கால் மேசைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், கனத்த பழைய பலகை. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். ஒன்றைக் கவிழ்த்தபோது அடிப்பக்கத்தில் வெள்ளைச் சாயத்தில் மண்டபத்தின் பெயரும், அதன் கீழே 1977 என்றும் எழுதியிருந்தது. மறுமுனையைப் பிடித்திருந்தவர், "வெள்ளி விழாவுக்கு வாங்கியது. அன்றைக்கு இதன்மேல் ஏறி நின்றதற்காக என் அப்பாவிடம் அடி வாங்கினேன்" என்றார். அந்த ஊருக்கு நாங்கள் குடிவந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை அவரும் நானும் தபால் பெட்டிக்கு அருகே எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொண்டதோடு சரி. மேசையை இறக்கி வைத்த பிறகுதான் என் பெயரைக் கேட்டார்.

நான் இங்கே சொல்ல வந்ததெல்லாம் அந்த மேசையில் அடங்கிவிடுகிறது. ஊர் விழாவுக்கு விருந்தாளியாகப் போகாதீர்கள், வேலைக்கு ஓர் ஆளாகப் போங்கள். மருத்துவமனை வேலைக்கோ கணினி வேலைக்கோ வந்து, பெருநகரத்தை விட்டுக் கிராமத்தில் வீடு எடுத்திருக்கும் நம் குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சார்லஸ் மன்னர் அரியணை ஏறியது 2022 செப்டம்பர் 8 அன்று. அவருடைய வெள்ளி விழா வரவேண்டுமானால் 2047 ஆகவேண்டும். ஆனால் அதுவரை மேசைகள் சும்மா இருக்கப்போவதில்லை. 2023 மே மாதம் முடிசூட்டு விழாவுக்கும், 2025 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்த 80-ஆம் ஆண்டு நினைவுக்கும் அதே மேசைகள்தான் வெளியே வந்தன. வேலைமுறை ஒன்றுதான். 2022-இல் நாங்கள் செய்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில், எதைக் கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு மன்னரோ அரசியோ அரியணை ஏறி இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே ஜூபிலி. 25 ஆண்டுக்கு வெள்ளி, 50-க்குப் பொன், 60-க்கு வைரம், 70-க்கு பிளாட்டினம். மூன்றாம் ஜார்ஜ் ஆட்சியின் ஐம்பதாவது ஆண்டு தொடங்கிய 1809 அக்டோபர் 25 அன்று நாடெங்கும் கொண்டாடினார்கள். விக்டோரியாவுக்கு 1887-இல் பொன்விழா, 1897-இல் வைர விழா. ஐந்தாம் ஜார்ஜுக்கு 1935 மே 6-இல் வெள்ளி விழா. இரண்டாம் எலிசபெத்துக்கு 1977, 2002, 2012, 2022 என்று நான்கு. எழுபது ஆண்டுகளைக் கண்டவர் பிரித்தானிய அரியணையில் அவர் ஒருவர்தான். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே செங்கல் நிறத்தில் நிற்கும் விக்டோரியா பொது மண்டபமும் 1887 பொன்விழாவின் நினைவாகப் பெயர் பெற்றதுதான். இந்தச் சொல் நமக்கு முற்றிலும் புதிதல்ல.

ஒரு விஷயம் என் மனத்தைத் தொட்டது. எலிசபெத் அரசியானது 1952 பிப்ரவரி 6 அன்று. ஆனால் கொண்டாட்டம் எப்போதும் ஜூன் மாதத்தில்தான். பிப்ரவரிக் குளிரில் தெருவில் மேசை போட முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்த நாள் அவருடைய தந்தை இறந்த நாள். அப்பாவின் திதியன்று யாரும் மேளம் கொட்டுவதில்லை. அன்றைய நாளை அவர் அமைதியாகவே கழித்துவந்தார். பக்கத்து வீட்டு அம்மா இதைச் சொன்னபோதுதான் அந்த அரசியை ஒரு மகளாக முதல்முறை நினைத்துப் பார்த்தேன்.

படி 1: ஊரை யார் நடத்துகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

இங்கே ஊர்ப் பெரியவர் என்று ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க மாட்டார். அதிகாரம் நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கும். பாரிஷ் கவுன்சில் என்பது மிகச் சிறிய உள்ளாட்சி மன்றம். பசுந்திடல், விளையாட்டு இடம், பெஞ்சுகள் போன்றவை பெரும்பாலும் அதன் பொறுப்பு. ஊர் மண்டபத்துக்குத் தனியாக ஓர் அறக்கட்டளைக் குழு இருக்கும். தேவாலயக் குழு, பள்ளியின் பெற்றோர் சங்கம், மகளிர் சங்கம், மதுக்கடைக்காரர் என்று மற்றவர்கள். மகளிர் சங்கத்தைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். தேநீரும் கேக்கும் அவர்கள் கையில் இருக்கின்றன என்றால் விழாவின் பாதி அவர்கள் கையில் இருக்கிறது என்று பொருள்.

உங்கள் கவுன்சில் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் பாரிஷ் கவுன்சிலுக்கென்று ஒரு சிறு தொகை தனி வரியாகப் போட்டிருக்கும். நம் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுப்பது போலத்தான். நீங்கள் ஏற்கெனவே வரி கொடுத்த வீடு. எனவே கூட்டத்துக்குப் போகத் தயங்க வேண்டியதில்லை. பாரிஷ் கவுன்சில் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பேருந்து நிறுத்தத்தருகே கண்ணாடி போட்ட ஓர் அறிவிப்புப் பலகை இருக்குமே, அதில் தேதி ஒட்டியிருப்பார்கள். வாசலில் போடும் ஊர் இதழிலும் வரும். ஜூன் விழாவுக்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே முதல் கூட்டம் கூடிவிடும். எங்கள் ஊரில் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். பன்னிரண்டாவதாக நீங்கள் போய் உட்கார்ந்தால் நிச்சயம் மகிழ்வார்கள்.

அங்கே எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால், "பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறோம், நன்றி" என்றுதான் பதில் வரும். அது மறுப்பு என்று நினைத்து நாம் ஒதுங்கிவிடுவோம். உண்மையில் உங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற மரியாதை அது. அதனால் வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஞாயிறு காலை ஏழரைக்கு மேசை எடுத்துப் போட நானும் என் மகனும் வருகிறோம்" என்றால் உடனே ஒரு காகிதத்தில் உங்கள் பெயர் ஏறிவிடும். இன்னொன்று: எண்பது வயது அம்மாளையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு முதல் சில மாதங்கள் நாக்கு எழவில்லை. ஆனால் "மேடம்" என்று நீங்கள் விலகி நின்றால் அவர்களும் விலகியே நிற்பார்கள்.

படி 2: நாள், இடம், மழை

2022-இல் ஜூன் 2 வியாழனும் 3 வெள்ளியும் அரசு விடுமுறை. மே மாதக் கடைசியில் வரவேண்டிய விடுமுறையை ஜூனுக்குத் தள்ளி, கூடுதலாக ஒரு நாளும் சேர்த்து நான்கு நாட்கள் ஆக்கியிருந்தார்கள். வியாழன் இரவு தீபம் ஏற்றுதல், ஞாயிறு மதியம் ஊர் விருந்து என்பதே நாடு முழுவதும் பெரும்பாலான இடங்களில் வழக்கமாக இருந்தது. இடையிலிருந்த இரண்டு நாட்களில் தேவாலயத்தில் மணியடிப்பு, நாய்க் கண்காட்சி, சோளக்கொல்லைப் பொம்மைப் போட்டி என்று அவரவர் ஊர் வசதி.

இடம் இரண்டில் ஒன்று: தெரு அல்லது திடல். தெருவை மூட உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சில இடங்களில் நான்கு வாரம் போதும், சில இடங்களில் பன்னிரண்டு வாரம் கேட்பார்கள். மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. பஸ் போகும் சாலை என்றால் அனுமதி கிடைப்பது கடினம். முட்டுச் சந்து என்றால் எளிது. திடல் என்றால் பாரிஷ் கவுன்சிலின் சம்மதம் இருந்தால் போதும்.

எந்த இடமானாலும் அதே நாளுக்கு ஊர் மண்டபத்தையும் பதிவு செய்துவிடுங்கள். இங்கிலாந்தின் ஜூன் மாதத்தை நம்பக் கூடாது. 2012 வைர விழாவில் தேம்ஸ் நதியில் ஆயிரம் படகுகள் அணிவகுத்த அன்று கொட்டிய மழையை இன்னும் பேசுகிறார்கள். எங்கள் விருந்தன்றும் பன்னிரண்டரை மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. யாரும் பதறவில்லை. மேசை விரிப்பின் மேல் இன்னொரு பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திவிட்டு, குடைக்குக் கீழே சாண்ட்விச் சாப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. கூடாரம் போடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் ஒரு குறிப்பு: கூடாரக் கால்களில் தண்ணீர் நிரப்பிய கேன்களைக் கட்டுங்கள். மழையைவிடக் காற்றுதான் மோசம்.

படி 3: காகித வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மது விற்பதாக இருந்தால் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. ஒரு நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடக் கூடாது. நிகழ்ச்சிக்குக் குறைந்தது பத்து வேலை நாட்களுக்கு முன் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கும் நாளும் விழா நாளும் அந்தக் கணக்கில் வராது. இடையில் அரசு விடுமுறை வந்தால் அதையும் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். அவரவர் வீட்டிலிருந்து அவரவர் புட்டியைக் கொண்டு வந்து குடிப்பதற்கு அறிவிப்பு தேவையில்லை.

குலுக்கல் சீட்டு விழா நடக்கும் இடத்திலேயே விற்கப்பட்டு, வருமானம் தனியார் பைக்குப் போகாமல் இருந்தால் தனிப் பதிவு தேவையில்லை. காப்பீடு பாரிஷ் கவுன்சிலிடமோ மண்டபக் குழுவிடமோ ஏற்கெனவே இருக்கலாம், விழாவுக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: தோரணம்

விழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் தையல் இயந்திரங்கள் சத்தமிடத் தொடங்கும். சிவப்பு, வெள்ளை, நீலத் துணிகளை முக்கோணமாக வெட்டி, ஒரு நாடாவில் வரிசையாக வைத்துத் தைப்பார்கள். கடையில் பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் துணித் தோரணத்தை மடித்து வைத்தால் அடுத்த விழாவுக்கு ஆகும். எங்கள் மண்டபப் பெட்டியில் 1977-இல் தைத்த தோரணம் இன்னும் இருக்கிறது. சிவப்பு மட்டும் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது.

புதிதாக வந்தவர்கள் சேர இதைவிட நல்ல இடம் இல்லை. கை வேலையில் இருக்கும், வாய் தானாகப் பேசும், மொழி தடுமாறினாலும் கண்ணில் தெரியாது. என் மனைவி, அம்மாவின் பழைய மதுரைச் சுங்குடிப் புடவை ஒன்றைக் கொண்டுபோனாள். அடர்ந்த நீலம், ஓரம் கிழிந்து கட்ட முடியாமல் பெட்டியில் கிடந்தது. அதிலிருந்து பதினெட்டு முக்கோணம் கிடைத்தது. மகளிர் சங்கத்து அம்மாள் ஒருவர் அந்தத் துணியைக் கையில் எடுத்து, வெள்ளைப் புள்ளிகளின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளியும் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்தது என்று என் மனைவி விளக்கினாள். அவர் ஒரு முக்கோணத்தில் புள்ளிகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, "இதைத் தேவாலய வாசலுக்கு நேராகக் கட்ட வேண்டும்" என்றார். அங்கேதான் கட்டினார்கள்.

கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூனியன் ஜாக் கொடிக்கு மேல் கீழ் உண்டு. கம்பத்தை ஒட்டிய பாதியில், சாய்ந்து வரும் சிவப்புக் கோட்டுக்கு மேலே உள்ள வெள்ளைப் பட்டை அகலமாக இருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டினால் ஆபத்துக்கு அறிகுறி என்று கடலோடிகள் வழக்கம். ஏணியில் ஏறுவதற்கு முன் கொடியைத் தரையில் விரித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 5: மலையில் தீபம்

2022 ஜூன் 2 இரவு 9.45 மணிக்கு நாடெங்கும் தீபங்கள் ஏற்றப்பட்டன. ஜூன் தொடக்கத்தில் இங்கே சூரியன் மறையவே ஒன்பது மணி தாண்டிவிடும். அதனால்தான் அந்த நேரம். 1887-லும் 1897-லும் குன்றுகளின் உச்சியில் இப்படி விறகுக் குவியல்களை மூட்டினார்கள். ஓர் ஊரின் நெருப்பு அடுத்த ஊருக்குத் தெரிய வேண்டும். எங்கள் மேட்டிலிருந்து அன்று ஐந்து நெருப்புகளை எண்ணினோம். சிறுவயதில் கார்த்திகையன்று மொட்டைமாடியில் நின்று தெரு முழுதும் அகல் எரிவதைப் பார்த்தவள் என் மனைவி. நெருப்பு பிடித்ததும் அவள் பேசவேயில்லை, மகளின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

விறகுக் குவியலாகவும் மூட்டலாம், கம்பத்தின் மேல் இரும்புக் கூடை வைத்தும் எரிக்கலாம், எரிவாயுத் தீபமும் உண்டு. நில உரிமையாளரின் சம்மதம் வாங்கி, தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தூரத்தில் நெருப்பைப் பார்த்த யாராவது வண்டியை வரவழைத்துவிடுவார்கள். விறகைப் பல நாள் முன்பே அடுக்கியிருந்தால், மூட்டும் நாளன்று கலைத்து வேறிடத்தில் மறுபடி அடுக்குங்கள். முள்ளெலிகள் உள்ளே புகுந்து தூங்கும். எங்கள் குவியலில் ஒன்று இருந்தது. தடித்த கையுறை போட்டுத் தூக்கி வேலியோரம் விட்டோம். குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை எடுத்துப்போங்கள், ஜூன் ஆனாலும் மேட்டின்மேல் இரவுக் காற்று நடுக்கும்.

படி 6: சாப்பாடு

இதில்தான் நம்மவர்கள் அதிகம் தவிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் பந்தி வேறு, இந்த விருந்து வேறு. இங்கே இலை போட்டு யாரும் பரிமாற மாட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் கூடையில் தன் சாப்பாட்டையும் தட்டையும் கொண்டுவந்து நீள மேசையில் உட்காரும். நடுவில் பகிர்ந்துகொள்ள ஒன்றிரண்டு பதார்த்தங்கள் வைப்பார்கள். தேநீரும் கேக்கும் மட்டும் பொது. அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். "சாப்பிட்டீர்களா?" என்று யாரும் வந்து கேட்கவில்லையே என்று மனம் வாட வேண்டாம், அது அவர்கள் வழக்கமில்லை. ஆனால் நீங்கள் கேட்கலாம். கேட்டால் ரொம்பவே மகிழ்வார்கள்.

அவர்கள் கொண்டுவருவது என்ன? வெள்ளரிக்காய் சாண்ட்விச், முட்டை சாண்ட்விச், விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக். இந்தக் கேக்கை மகளிர் சங்கத்து முறைப்படி செய்தால் இரண்டு அடுக்குக்கு நடுவே ராஸ்பெரி ஜாம், மேலே தூவிய நுண்மணிச் சர்க்கரை (காஸ்டர் சுகர்), அவ்வளவுதான். கிரீம் வைத்தால் போட்டியில் மதிப்பெண் போய்விடும். கட்டாயம் இருக்கும் இன்னொன்று முடிசூட்டுக் கோழி. 1953 முடிசூட்டு விருந்துக்காக ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் உருவாக்கிய பதார்த்தம் அது. வேகவைத்து ஆறிய கோழியை மயோனைஸ், கிரீம், ஆப்ரிகாட், கொஞ்சம் கறிப்பொடி சேர்த்துப் பிசைவார்கள். 2022-க்கென்று நாடு தழுவிய போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த இனிப்பு, எலுமிச்சை சுவிஸ் ரோலும் அமரெட்டி பிஸ்கட்டும் அடுக்கிய ட்ரைஃபிள். எங்கள் ஊரில் அதைச் செய்து பார்க்காத வீடு குறைவு.

நாம் என்ன கொண்டுபோவது? ஆறினாலும் சுவை குறையாதது, கையில் எடுத்துச் சாப்பிடும்படியானது, காரம் மட்டானது. மெதுவடை மதியத்துக்குள் விறைத்துவிடும். தயிர்சாதத்தை வெயிலில் வைத்தால் புளித்துவிடும். எலுமிச்சை சாதம் எல்லா வகையிலும் பொருத்தம். அதைச் சிறு காகிதக் கிண்ணங்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மரக் கரண்டி செருகி வையுங்கள். பெரிய பாத்திரத்தில் வைத்தால் எடுக்கக் கூச்சப்படுவார்கள். கிண்ணத்தில் வைத்தால் நிமிடத்தில் தீரும். மைசூர்பாகைச் சுண்டுவிரல் அகலத்துக்கு வெட்டி வைத்தோம், தேநீருக்கு ஏற்ற துணை என்று சொல்லிச் சொல்லி எடுத்தார்கள்.

இனிச் சொல்வதுதான் மிக முக்கியம். ஒவ்வாமை. இந்த நாட்டில் 14 பொருட்களைப் பற்றி உணவோடு தெளிவாக எழுதிச் சொல்லும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. வேர்க்கடலை, முந்திரி, பாதாம் அதில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கடுகும் எள்ளும் அதில் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நாம் தாளிக்காத பதார்த்தம் எது? பெருங்காயத்தையும் பாருங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயப் பொடியில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசிச் சோறுதானே, கோதுமை ஒவ்வாதவர் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டால் ஒரு பிள்ளையை நோயில் தள்ளியவர்களாவோம். எங்கள் மேசையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினான். அவன் அம்மா முதலில் நாங்கள் வைத்திருந்த அட்டையைத்தான் படித்தார். "கடுகு உண்டு, கோதுமை உண்டு; பால் இல்லை, கொட்டை இல்லை" என்று எழுதியிருந்தது. கோதுமை என்ற சொல்லின் மேல் விரலை வைத்துவிட்டு, மகனை மெல்லத் திருப்பிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்து நன்றி சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் விழாவுக்குச் செய்யும்போது பெருங்காயமே போடுவதில்லை. கறிவேப்பிலையையும் இஞ்சியையும் கூட்டிக்கொள்கிறோம். முந்திரிக்குப் பதில் கடலைப்பருப்பு. அட்டையை வீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்.

பழத்துண்டும் வெள்ளரியும் புதினாவும் மிதக்கும் சிவந்த பானம் ஜாடியில் இருந்தால் அது பழரசம் என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிடாதீர்கள். பிம்ஸ் என்னும் மது அது. சில ஊர்களில் முழுப் பன்றியை வாட்டுவார்கள். சைவர்கள் அந்தப் பக்கம் காற்று வராத மேசையாகப் பார்த்து உட்காரலாம், காரணம் சொன்னால் இடம் மாற்றிக் கொடுப்பார்கள்.

தேநீர்ப் பொறுப்பு உங்களிடம் வந்தால்: மண்டபத்து வெந்நீர்க் கொதிகலன் கொதிக்க ஒரு மணி நேரம் ஆகும். மூன்று மணித் தேநீருக்கு இரண்டுக்கே போட்டுவிடுங்கள்.

படி 7: விழா நாள்

விளையாட்டுகளை நாம் நன்றாக அறிவோம். சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல், கரண்டி ஓட்டம். நம் பள்ளிகளில் கரண்டியில் எலுமிச்சம்பழம், இங்கே முட்டை, அதுதான் வேறுபாடு. மேல்தெருவும் கீழ்த்தெருவும் கயிறு இழுக்கும்போது ஆள் குறைந்தால் நம்மைக் கூப்பிடுவார்கள். தயங்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள்.

ஒரு கட்டத்தில் யாராவது எழுந்து கோப்பையை உயர்த்தி "அரசிக்கு" என்பார்கள், இப்போது "மன்னருக்கு". எல்லோரும் எழுந்து அதைத் திரும்பச் சொல்லி ஒரு வாய் குடிப்பார்கள். கையில் தேநீர் இருந்தாலும் போதும். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றால் மரியாதை, பாடத் தெரியாவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். முடியாட்சியின் பெயரால் நம் மண்ணில் நடந்தவை நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இருப்பவை. அவற்றை நான் மறந்துவிட்டுப் போகவில்லை, நீங்களும் மறக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரிலேயே முடியாட்சி கூடாது என்று உறுதியாக நம்பும் ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார். அவர் கோப்பையை உயர்த்தவில்லை. ஆனால் காலை முதல் மாலை வரை குழந்தைகளின் ஓட்டப் பந்தயங்களை நடத்தியது அவர்தான். ஊரார் அதை இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்விடுங்கள், அங்கே எப்போதும் ஆள் தேவை. பேச்சும் அங்கேதான் நன்றாக நடக்கும்.

மாலை ஐந்து மணிக்குப் பிறகு கூட்டம் கரையும். அப்போது போய்விடாதீர்கள். மேசைகளைத் துடைத்து, கால்களை மடக்கி, கொட்டகையில் அடுக்கும்வரை இருங்கள். யாருடையது என்று தெரியாத கேக் டப்பாக்கள் ஏழெட்டு மிஞ்சும். உங்கள் பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தால் உங்களுடையது வீடு வந்து சேரும்.

படி 8: விழாவுக்குப் பிறகு

ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைவுக் கோப்பை கொடுப்பது விக்டோரியா காலத்திலிருந்து வரும் பழக்கம். பள்ளியில் பதிவான பிள்ளைகளின் பட்டியலை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கிடுவார்கள். உங்கள் பிள்ளை வேறு ஊர்ப் பள்ளியில் படித்தால் மார்ச் மாதத்திலேயே குழுவிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள், கோப்பைகளை முன்கூட்டியே ஆர்டர் செய்துவிடுவார்கள். என் மகளின் கோப்பையில் அவள் பென்சில் வைத்திருக்கிறாள்.

2022-இல் அரசியின் பெயரால் நாடெங்கும் மரம் நடும் திட்டம் ஒன்றும் இருந்தது. இங்கே மரம் நடும் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. ஜூன் விழாவில் நட்டால் பிழைப்பது கடினம். அதனால் முந்தைய குளிர்காலத்திலேயே நட்டுவிட்டு, விழாவன்று பெயர்ப்பலகையை மட்டும் திறந்தோம். திடலின் வடமூலையில் ஒரு ஓக் கன்று, என் மகன் உயரம்தான். அந்த ஆண்டு ஜூலை 19 அன்று லிங்கன்ஷைரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவாயிற்று. இந்த நாடு அதுவரை கண்டிராத வெப்பம். திடல் முழுதும் வைக்கோல் நிறமாகக் காய்ந்துபோனது. கன்று இலைகளைச் சுருட்டிக்கொண்டது. குழுவில் ஒரு பட்டியல் போட்டு, கிழமைக்கு ஒரு வீடு என்று தண்ணீர் ஊற்றத் தொடங்கினோம். செப்டம்பர் 8 அன்று அரசி இறந்த செய்தி வந்தபோது, இரவோடு இரவாக யாரோ அதன் அடியில் தோட்டத்துப் பூக்களைக் கட்டாக வைத்திருந்தார்கள். மறுநாள் காலை நீர் ஊற்றப் போனவர்கள் பூக்களைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு ஊற்றினார்கள்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கன்று நட்டிருந்தால் தண்ணீர்ப் பட்டியலில் பெயர் கொடுங்கள். முதல் மூன்று கோடைக்காவது வேர் ஈரமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு வாளி, தண்டில் படாமல் சுற்றிலும் மெதுவாக ஊற்றவும். எங்கள் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை.